மைலோப் பேணிக்குள் இருந்தவர்கள்

முருகன் துணை

இல்ஃபோர்ட்,
12.04.2009

அன்புள்ள அத்தானுக்கு,

கமலாம்பிகை எழுதுவது. நானும் துஷ்யாவும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டும்; எழுதிவிட்டேன். இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள் மேலும் கீழும் நடப்பதை யாரும் நலக்குறைவு என்று சொல்லமாட்டார்கள்தானே.

உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தால் பாதிப் பேச்சு எனக்கும் பாதி காற்றுக்கும் போகிறது. அதனால் எழுதுகிறேன். துஷ்யா இதை ஸ்கான் பண்ணி ஈமெயிலில் அனுப்புவாள். அங்கே உங்கள் கிளார்க் அச்செடுத்துத் தருவார். அனுப்புவதற்கு முன் உங்கள் மகள் ஒரு வரி விடாமல் வாசிப்பாள் என்பதால் புருசன் பெண்சாதி பேச்சுக்கு இதில் இடமில்லை. பெற்ற பிள்ளை தணிக்கை செய்கிற காலம்.

முதலில் உங்கள் பார்சல். வாமதேவன் மலாவியில் இருந்து வந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. வந்த கையோடு பாரிசில் தமக்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நீங்கள் சொன்ன ஆஸ்பத்திரிப் பெட்டி இன்னும் என் கைக்கு வரவில்லை. அவருடைய மனைவி மாலினியை மனோர் பார்க் கோயிலில் கண்டு கேட்டேன். "எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா, அவர் வந்தாப்பிறகு கேட்டுச் சொல்லுறன்" என்றாள். பெனடிக்ற் அண்ணை இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். தன்னுடைய லாபில் சனிக்கிழமைகளில் உங்களுக்காக நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறாராம். உங்களோடு படித்த பாவத்துக்கு அந்த மனுசன் சம்பளமில்லாமல் உழைக்கிறார்.

நீங்கள் போனில் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. அங்கே தசைத்துண்டைச் சோதித்துச் சொல்ல ஆளில்லை. கண்ணால் பார்த்து, கையால் தடவி, இது புற்றுநோய் என்று பதிவேட்டில் எழுதுகிறீர்கள். அப்படி எழுதினால் அந்த நாட்டில் இத்தனை பேருக்கு இந்த நோய் என்று வெளியே யாரும் நம்பமாட்டார்கள், மருந்தும் அனுப்பமாட்டார்கள். அதற்காகத்தான் வெட்டி எடுத்த துண்டுகளை மெழுகில் பதித்து, வருகிறவர் போகிறவர் கையில் லண்டனுக்குக் கொடுத்து விடுகிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் எனக்குப் பதிவேடு கண்ணுக்கு முன் நிற்பதில்லை. உங்களிடம் வருத்தம் காட்ட வருகிற எஸ்நாத் என்ற அந்தப் பெண்தான் நிற்கிறாள். போன டிசம்பரில் நத்தாருக்கு நீங்கள் கொண்டுவந்த ஏரிக் கருவாடு அவள் காயவைத்தது என்று சொன்னீர்கள். எங்கள் நெத்தலி மாதிரியே இருந்தது. கத்தரிக்காயோடு குழம்பு வைத்தேன். ருசித்ததா என்று அவள் உங்களைக் கேட்டு அனுப்பியிருந்தாள். ருசித்தது என்று சொன்னீர்களோ தெரியாது, நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

அவளுடைய கழுத்தில் நெறி கட்டியது காசநோய் என்று மாதக்கணக்காக மாத்திரை கொடுத்தும் வற்றவில்லை என்கிறீர்கள். வேறு வருத்தம் என்றால் அதற்கு மருந்து உங்கள் அலுமாரியில் இருக்கிறது. ஆனால் ஆளை உலுக்கிவிடும் மருந்து, நிச்சயம் தெரியாமல் ஏற்றமாட்டேன் என்கிறீர்கள். நீங்கள் சரியாகத்தான் செய்வீர்கள். தக்காளிக் கன்று நடவும் அளவுகோல் வைத்தவர் நீங்கள். அவளுக்குத்தான் அவ்வளவு நேரம் இருக்கிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கு ஒரு சின்ன மகள் வேறு.

இங்கே செய்தி என்றால் ஒரே செய்திதான். தம்பி பாலேந்திராவும் குடும்பமும் வன்னியில் சண்டைக்குள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. பெப்ரவரியில் வந்த ஒரு சொல்லோடு சரி. துஷ்யா வேலை முடிய நேரே பார்லிமென்ட் முன்னால் போய் நிற்கிறாள், தொண்டை அடைத்துத் திரும்பி வருகிறாள். நான் வானொலியைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறேன்.

வன்னிச் சனத்துக்குக் கப்பலில் அனுப்பவென்று வீடு வீடாகச் சாமான் சேர்க்கிறார்கள். நேற்று இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள், யுனிவர்சிட்டியில் படிக்கிறவர்கள். அரிசி, பருப்பு, பால்மா எல்லாம் கொடுத்தேன். வாமதேவன் கையில் நீங்கள் அனுப்பியதென்று மாலினி தந்த மைலோப் பேணியையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இல்ஃபோர்ட்டில் மூலைக் கடையில் விற்கிற மைலோவை மலாவியில் இருந்து அனுப்ப உங்களால்தான் முடியும். லக்‌ஷிகா என்ற பிள்ளை மூடியைப் பார்த்து, "அன்ரி, இது கடை சீல் இல்லை, ஒட்டுற ரேப் எல்லோ சுத்தியிருக்கு" என்றது. டொக்டர் வீட்டுச் சாமான் பிள்ளை, பயப்படாமல் கொண்டுபோ என்று ஒரு அதட்டுப் போட்டேன். கோபிக்க வேண்டாம். உங்கள் மைலோவை அங்கே ஒரு குழந்தை குடிக்கட்டும்.

நாளை மறுநாள் வருடம் பிறக்கிறது. இரண்டு வருடம் சேவை செய்துவிட்டு வருகிறேன் என்று போனவருக்கு இது மூன்றாவது சித்திரை. மருத்துநீர் வைத்துத் தலைமுழுக அங்கே வசதியில்லை, வெந்நீரிலாவது குளியுங்கள். நுளம்பு வலையைக் கட்டிக்கொண்டு படுங்கள்.

உங்கள்
கமலம்


முருகன் துணை

இல்ஃபோர்ட்,
25.04.2009

அன்புள்ள அத்தானுக்கு,

இதை வாசிக்கும்போது உட்கார்ந்து வாசியுங்கள். முடிவு நல்ல முடிவுதான், அதை முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் தசைத்துண்டுகள் எல்லாம் பெனடிக்ற் அண்ணையின் கையில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை மற்றவர்கள் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வாமதேவன் செவ்வாய்க்கிழமை பாரிசில் இருந்து வந்து போன் எடுத்தார். பெட்டி எங்கே என்று கேட்டேன். "பெட்டியோ? அதுதான் மாலினியிட்டைக் குடுத்துவிட்டனே அக்கா, மைலோப் பேணி" என்றார். முழுக் கதையையும் சொல்லச் சொன்னேன். விமான நிலையத்தில் பாரம் கூடிவிட்டதாம். நம்மவர் வழக்கம்போல நிலத்தில் சூட்கேசை விரித்து, ஊரார் சாமானையெல்லாம் அவிழ்த்துத் திரும்ப அடுக்கியிருக்கிறார். உங்கள் மரப்பெட்டி பாரம் என்று அதை அங்கேயே விட்டுவிட்டு, உள்ளே இருந்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் கூடுகளை ஒரு வெறும் மைலோப் பேணியில் போட்டு ரேப்பால் சுற்றியிருக்கிறார். பேணி என்றால் நசியாதாம், சுங்கத்திலும் கேள்வி வராதாம். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. நான் அலைந்ததோடு நில்லாமல் வெண்ணெயைத் தானமும் செய்துவிட்டேன்.

உடனே தவராசா அண்ணையின் கடைக்கு ஓடினேன். இந்தப் பக்கத்துச் சாமான் எல்லாம் அவருடைய கடையின் பின்னறையில்தான் சேர்ந்தது. அறை வெறுமையாகக் கிடந்தது. போன கிழமையே தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபத்துக்கு ஏற்றிவிட்டார்களாம். அங்கே பிரித்துப் பெட்டி கட்டி, வெள்ளிக்கிழமை லொறியில் துறைமுகத்துக்கு அனுப்பப்போகிறார்களாம். என்ன தொலைந்தது என்று கேட்டார். அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஏன் எழவில்லை என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுச் சாமானுக்குள் வருத்தக்காரரின் தசை கலந்துவிட்டது என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். சனம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த மா, சீனி, பால்மா அத்தனையையும் தீட்டு என்று குப்பையில் கொட்டிவிடும். அங்கே பிள்ளைகள் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள். சொல்லாமல் விட்டால் எஸ்நாத்தும் மற்றவர்களும் மைலோ என்ற பெயரில் கப்பல் ஏறிவிடுவார்கள். இரவெல்லாம் படுக்கையில் புரண்டேன்.

வியாழக்கிழமை இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்துத் தோர்ண்டன் ஹீத் போய்ச் சேர்ந்தேன். மண்டபம் நிறையப் பெண்கள். அரிசிக்கு ஒரு மலை, பருப்புக்கு ஒரு மலை, மைலோவுக்கென்றே தனியாக ஒரு மலை. எங்கள் சனம் பசி என்றதும் மைலோவைத்தான் நினைக்கிறது போல. நான் போய் ஒவ்வொரு பேணியாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கத் தொடங்கினேன். ஒரு பெண் வந்து, "என்ன அக்கா, குடுத்ததைத் திருப்பி எடுக்க வந்தனீங்களோ?" என்றாள். எல்லாத் தலையும் திரும்பியது. அந்த வெட்கத்தை எழுத்தில் எழுத முடியாது. வன்னிக்குக் கொடுத்த மைலோவைத் திருப்பி எடுத்த டொக்டர் மனைவி என்று இல்ஃபோர்ட் தொடக்கம் குரோய்டன் வரை கதை போயிருக்கும்.

அந்த நேரம் என் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தப் பேணிக்குள் என் தாலிக்கொடி இருக்கிறது என்று சொன்னேன்.

அத்தான், மண்டபம் அப்படியே கையில் இருந்ததைப் போட்டது. "ஐயோ, தாலிக்கொடியோ!" என்று ஒரு சத்தம். ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கள்ளருக்குப் பயந்து நகையை அரிசிக்குள்ளும் மாவுக்குள்ளும் ஒளித்து வைக்காத வீடு இந்த லண்டனில் எது? நான் பூட்டை நம்பாமல் பேணியை நம்புகிறவள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். என்னை ஒரு கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒவ்வொருத்தியும் மைலோ மலையைச் சுற்றி நிலத்தில் இருந்து குலுக்கினார்கள். கட்டி மூடிய பெட்டிகளைக்கூடத் திரும்ப வெட்டினார்கள். ஒருத்தி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள்.

கிடைத்தது. பிரவுண் ரேப் சுற்றிய பேணி. கலகலவென்ற சத்தம் கேட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வயதான மனுசி என்னைக் கட்டிப்பிடித்து, "இஞ்சையே திறந்து கழுத்தில போடு மோனை, நாங்களும் பாப்பம்" என்று அழுதா. கழுத்தில் போட என்ன இருக்கிறது? தாலி ஸ்வெட்டருக்குள்ளே எப்போதும்போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் சாமிக்கு முன்னால்தான் போடுவேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அங்கே பொறுப்பாக நின்றவர் டொலறஸ் என்று ஒரு நேர்ஸ். என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து, மெதுவாக, "அக்கா, கொடியின்ர நுனி சால்வைக்குள்ளால தெரியுது. உதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டா. அவவிடம் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஏசப்போகிறா என்று நினைத்தேன். அவ பேணியின் மூடிமேல் கையை வைத்து, "எத்தினை பேர் உள்ளுக்கு?" என்று மட்டும் கேட்டா. இருபத்தைந்து பேர் அளவில் என்றேன். பிறகு தன் காரிலேயே என்னைப் பெனடிக்ற் அண்ணையின் லாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டா. பேணியை நான் மடியில் வைத்திருந்தேன்.

பெனடிக்ற் அண்ணை ஒவ்வொரு கூடாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றுக்கும் பழுதில்லை, மெழுகு அவ்வளவு இலேசில் உருகாது என்றார். எஸ்நாத்தின் துண்டை முதலில் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு ஓம் என்றார்.

இப்போது எனக்கு வேறு பயம். தாலி தொலைந்துவிட்டது என்று என் வாயால், அத்தனை சுமங்கலிகளுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒன்றும் இல்லையே? காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நேற்றுப் பின்னேரம் மனோர் பார்க் முருகனுக்கு உங்கள் பெயரில் அர்ச்சனை செய்தேன். அர்ச்சனைத் தட்டோடு நின்றபோது எஸ்நாத்தின் பெயரையும் சொன்னேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். பரவாயில்லை என்று சுவாமியின் நட்சத்திரத்தில் செய்தார்.

தம்பியிடம் இருந்து ஒன்றும் இல்லை. அவனுக்கும் அர்ச்சனை செய்தேன்.

எஸ்நாத்திடம் சொல்லுங்கள், லண்டனில் முன்பின் தெரியாத முப்பது பெண்கள் நிலத்தில் இருந்து அவளைத் தேடினார்கள் என்று. அவர்களுக்குத் தெரியாமல்தான் தேடினார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள்
கமலம்


முருகன் துணை

இல்ஃபோர்ட்,
23.05.2009

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் வந்தது. உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று வாசித்ததும் ஒரு பெருமூச்சு விட்டேன். அடுத்த பந்தியை வாசித்ததும் அந்த மூச்சை விட்டது வீண் என்று ஆகிவிட்டது.

பெனடிக்ற் அண்ணை எல்லாத் துண்டுகளையும் பார்த்து முடித்துவிட்டார். முழு அறிக்கையைத் துஷ்யா இதனோடு அனுப்புகிறாள். நீங்கள் கண்ணால் பார்த்துப் புற்றுநோய் என்று எழுதிவைத்த நாலைந்து பேருக்கு அது இல்லவே இல்லையாம். அந்த வீடுகளுக்கு முதலில் ஆளை அனுப்புங்கள். இல்லாத வருத்தத்துக்காக அழுதுகொண்டிருப்பார்கள்.

எஸ்நாத்துக்குக் காசநோய் இல்லை. அந்த வருத்தம்தான், புற்றுநோய். ஆனால் அதற்குள் மருந்துக்கு நன்றாகக் கேட்கிற வகையாம். பெனடிக்ற் அண்ணை எனக்கு விளங்கும்படி சொன்னார்: "தங்கச்சி, இதுக்குள்ள எனக்கு ஆரையாவது காப்பாத்தலாம் எண்டு சொல்லு எண்டால் முதல் இந்தப் பிள்ளையைத்தான் காட்டுவன்." உங்கள் அலுமாரியில் இருக்கிற அதே மருந்துதான். பிந்தாமல் ஏற்றச் சொன்னார். பிந்தாமல் என்று இரண்டு தரம் சொன்னார்.

நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஏப்ரல் கடைசியில் சோளம் முறிக்க என்று ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை, கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறது, வந்தால் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தால் பார்ப்போம்! அவள் ஏன் வருவாள் அத்தான்? ஒவ்வொரு கிழமையும் வந்து கழுத்தைக் காட்டினாள், ஒவ்வொரு கிழமையும் லண்டனில் இருந்து பதில் வரவில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். பதில் என் வீட்டு அலுமாரித் தட்டிலும், தவராசா அண்ணையின் பின்னறையிலும், மைலோ மலைக்குள்ளும் கிடந்தது. நான் அதட்டுப் போட்டுக் கொடுத்தனுப்பின நாட்களுக்குள்தான் அவள் நம்பிக்கை விட்டுப் போனாள். அது என் தலையில்தான் இருக்கிறது, நீங்கள் எவ்வளவு சமாதானம் எழுதினாலும் இறங்காது.

திங்கட்கிழமை வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். துஷ்யா பார்லிமென்ட் முன்னால் இருந்து வந்து சப்பாத்தோடு படியில் இருந்துவிட்டாள். முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. யாருக்காவது யாராவது போன் பண்ணி, இன்னாரை வேலிக்குள் கண்டது என்கிறார்கள். நாங்களும் கேட்டுப் பார்க்கிறோம். பாலேந்திராவைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். சமைக்கிறேன், ஆறவைத்துக் கொட்டுகிறேன். எத்தனை பேர் போனார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு எழுத அங்கே உங்களைப்போல ஒருவரும் இருக்கவில்லை.

போன நத்தாருக்கு வந்தபோது உங்கள் பதிவேட்டைப் பற்றிச் சொன்னீர்கள், நான் பாதிதான் கேட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது, ‘கடைசியாக உயிரோடு காணப்பட்ட திகதி’ என்று. ஆள் திரும்பி வராவிட்டால் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்த நாளை அதில் எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவீர்கள், அதற்கு மேல் எங்களால் ஏலாது என்றீர்கள். அப்போது எனக்கு அது வெறும் அலுவலகப் பேச்சாக இருந்தது. இப்போது ராப்பகலாக அந்தக் கட்டம்தான் கண்ணுக்கு முன் நிற்கிறது. தம்பிக்கு அதை நிரப்பச் சொன்னால் பெப்ரவரி மாதம் ஏதோ ஒரு நாள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் வாளியோடு கண்டதாக ஒருவர் சொன்னார். என்ன திகதி என்று அவருக்கு நினைவில்லை.

அவனைத் தேடிப்போக எனக்கு வழியில்லை அத்தான். இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்துப் போகிற இடத்தில் அவன் இல்லை. பொய் சொன்னால் கூடித் தேட முப்பது பெண்கள் இருக்கிற மண்டபமும் இல்லை. இருந்தால் என் தாலியை உண்மையாகவே கழற்றி வைத்திருப்பேன். கோபிக்க வேண்டாம், மனதில் இருக்கிறதை எழுதுகிறேன்.

உங்களுக்கு வழி இருக்கிறது. ஏரிப்பக்கம் போகிற லொறி இருக்கிறது. அவளுடைய ஊர்ப்பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வற்றுகிற காலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளினிக் ஒரு நாள் பூட்டிக் கிடந்தால் உலகம் அழியாது. கிளார்க்கை அனுப்ப வேண்டாம், கடிதம் கொடுத்துவிட வேண்டாம், வருகிறவர் போகிறவர் கையில் சொல்லிவிட வேண்டாம். அப்படிக் கொடுத்துவிடுகிற சாமானுக்கு என்ன நடக்கும் என்று நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். நீங்களே போங்கள். மருந்து இருக்கிறது என்று அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் மகளைக் காட்டிச் சொல்லுங்கள். கருவாடு ருசித்தது என்றும் சொல்லுங்கள், இனியும் தாமதிக்காமல்.

எஸ்நாத்தின் அந்தக் கட்டத்தில் இப்போது ஒன்றும் எழுத வேண்டாம். வெறுமையாக விட்டுவிட்டுப் போங்கள்.

அவளைக் கண்டதும் எனக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். கண்டேன் என்று ஒரு சொல் போதும். இந்த வீட்டுக்கு யாரைப் பற்றியாவது அந்தச் சொல் வரவேண்டும்.

முருகன் உங்களுக்கு வழித்துணையாக வரட்டும்.

உங்கள்
கமலம்